பொருந்தாப் பெயர்கள்

ஒரு தமிழ்ப்பள்ளியின் அலுவலகத்தில் ஓராண்டுக்குள் எழுதப்படும் தாள்களையெல்லாம் ஒருசேர அடுக்கிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பங்கு பட்டியல்களாகவே இருக்கக் காணலாம். துணை உணவுத் திட்டத்தில் சேர வேண்டியோர், வறிய மாணவர் உதவிநிதிக்கு உரியோர், குறைநீக்கல் வகுப்புக்குச் செல்வோர், பல் பரிசோதனை முடியாதோர், பேருந்தில் வருவோர் என அவற்றிற்கு முடிவே இல்லை. இவை அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. பள்ளியின் முழுப் பதிவேட்டிலிருந்து ஒரு நிபந்தனைக்குப் பொருந்துவோரை மட்டும் பிரித்தெடுத்து வேறொரு தாளில் எழுத வேண்டும்.

தட்டச்சுப்பொறிக் காலத்தில் இவ்வேலைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் வேண்டியிருந்தது. வகுப்பாசிரியர்கள் தத்தம் பதிவேடுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பர். ஒருவர் பெயரை வாசிக்க, மற்றொருவர் சிவப்புப் பென்சிலால் குறியிட, மூன்றாமவர் கரித்தாள் வைத்துத் தட்டச்சு செய்வார். ஒரு பெயர் விட்டுப்போனால் தாள் முழுவதையும் மீண்டும் அடிக்க நேரும். மெதுவான வேலைதான். ஆயினும், பெயர்கள் வாசிக்கப்படும்போதே, “இந்தப் பையனின் அப்பா போன மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டாரே” என்று எவரேனும் ஒருவர் இடையில் சொல்வார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத செய்தி அது. அதுவும் பட்டியலுக்குள் வந்து சேர்ந்தது.

பின்னர் விரிதாள் வந்தது. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆப்பிள் கணினிக்கென உருவாக்கிய விசிகால்க் என்னும் மென்பொருளே இவ்வகையில் பரவலாக வழங்கிய முதற்படைப்பு. 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. அடிக்கடி அழுத்த வேண்டிய விசைகளை வரிசையாக எழுதி வைத்துவிட்டால், கணினி அவற்றைத் தானே அழுத்திக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. அவ்வசதியே மேக்ரோ எனப்பட்டது. 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கென வெளிவந்த எக்செல், 1993ஆம் ஆண்டின் 5ஆம் பதிப்பில் விஷுவல் பேசிக் மொழியைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அதுமுதல் மேக்ரோ என்பது விசைகளின் வரிசையாக மட்டும் இல்லாமல், “இப்படியிருந்தால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்” என்று முடிவெடுக்கும் கட்டளைத் தொகுப்பாக வளர்ந்தது. விரிதாள் என்பது மூலச்சொல்லைக் காட்டிலும் அழகாக அமைந்த தமிழ்ச்சொல். மேக்ரோவுக்கு அத்தகைய நற்பேறு இன்னும் வாய்க்கவில்லை. ஆதலின் மேக்ரோ என்றே இங்கும் வழங்கப்படுகிறது.

அது செய்யும் வேலையைச் சபைகூடலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைக் கொண்டு விளக்கலாம். சொன்னதைச் செய்வதில் சற்றும் சோராத, சொல்லாததைச் செய்யத் துணியாத வகுப்புத் தலைவன் ஒருவனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, “முதற்பிள்ளையிடம் தொடங்கு. ஒவ்வொருவரிடமும் குடும்ப வருமானத்தைக் கேள். இந்தத் தொகைக்குக் குறைவாயின் பெயரை உன் தாளில் அடுத்த வரியில் எழுது. பிறகு அடுத்தவரிடம் போ” என்று அனுப்பினால் எப்படியோ அப்படித்தான் மேக்ரோவும் முதல் தாளின் கிடைவரிசைகளில் ஒவ்வொன்றாக இறங்கிச் சென்று, பொருந்துவனவற்றை இரண்டாம் தாளில் படியெடுக்கிறது. இருநூறு பெயர்களுக்கு ஒரு கண்சிமிட்டும் நேரம் போதும்.

ஆனால் அவன் எங்கே நிறுத்துவான்? “வெற்றிடம் கண்டால் நிறுத்து” என்று சொல்லியிருந்தால், பள்ளி மாறிப்போன ஒரு மாணவனின் வரி நடுவில் அழிக்கப்பட்டு வெறுமையாகக் கிடக்க, அவன் அங்கேயே நின்றுவிடுவான். அதற்கப்பால் நிற்கும் எண்பது பிள்ளைகளை அவன் பார்க்கவே மாட்டான். எனவேதான் தேர்ந்தவர்கள் தாளின் அடிமுனையிலிருந்து மேல்நோக்கித் தேடிக் கடைசிப் பெயரை முதலில் கண்டுகொள்ளுமாறு கட்டளை எழுதுவர். இன்னொரு தவறு இதனினும் நுட்பமானது. பொருந்திய பெயரைப் படியெடுப்பதோடு நில்லாமல், முதல் தாளிலிருந்து அந்த வரியை நீக்கவும் சொல்லிவிட்டால், வரிசையில் ஒரு பிள்ளை விலகியதும் பின்னால் நிற்பவன் ஓர் அடி முன்வந்து அவ்விடத்தில் நிற்பதுபோல, கீழ்வரி மேலேறிவிடும். வகுப்புத் தலைவனோ அந்த இடத்தைக் கேட்டு முடித்தாயிற்று என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். முன்வந்தவன் கேட்கப்படாமலே விடுபடுவான். நீக்கத்தான் வேண்டுமென்றால் வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். உண்மையில், நீக்காதிருப்பதே நன்று. கையால் செய்த பிழையை ஒரு விசையால் மீட்டுக்கொள்ளலாம். மேக்ரோ செய்துவிட்டதை அவ்வாறு மீட்க இயலாது.

எண்களின் சேட்டை வேறு. வருமானக் கட்டம் வெறுமையாக இருந்தால், மேக்ரோ அதனைச் சுழியம் எனக் கொண்டு, அக்குடும்பத்தை மிக வறிய குடும்பமாக ஏற்றுக்கொள்ளும். எவரேனும் தொகைக்கு முன்னால் ரிங்கிட் என்னும் சொல்லையும் சேர்த்து எழுதியிருந்தால், எழுத்தை எண்ணோடு ஒப்பிட முடியாமல் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லது. நின்றுபோன இயந்திரத்தை யாரும் வந்து பார்ப்பர். அதே தாளில் மேக்ரோவின்றி வெறும் வடிகட்டியைப் பயன்படுத்தினால், அந்த வரி ஓசையின்றி மறைந்துபோகும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும்.

இவற்றையெல்லாம் நன்கு கற்ற ஆசிரியை ஒருவர், முன்பு ரப்பர்த் தோட்டத்துக்குள் இருந்து இப்போது வீடமைப்புப் பகுதியின் ஓரத்துக்கு வந்துவிட்ட ஒரு பள்ளியில், 2016ஆம் ஆண்டில் மாணவர் நலப் பொறுப்பை ஏற்றிருந்தார். பள்ளியில் 214 மாணவர்கள். மாணவர் பதிவேடு ஒரு தாள். பெற்றோர் நிரப்பி அனுப்பிய வருமானப் படிவங்களை வகுப்பாசிரியர்கள் தட்டச்சு செய்து திரட்டியது மற்றொரு தாள். முதல் தாளின் ஒவ்வொரு பெயரையும் இரண்டாவதில் தேடி, கிடைத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால் மூன்றாவதில் எழுத வேண்டும் என்று மேக்ரோ எழுதினார். ஒரு பொத்தானை அழுத்தினார். 61 பெயர்கள் வந்தன. துணை உணவுக்கான பட்டியல் அன்றே ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியை அதனை இருமுறை படித்துவிட்டு, “அந்தப் பாட்டி வீட்டுப் பிள்ளை இதில் இல்லையே, டீச்சர்?” என்றார்.

பாட்டி வீட்டுப் பிள்ளையை அப்பள்ளியில் அறியாதார் இல்லை. தாய் இல்லை. தந்தை சிங்கப்பூர் எல்லைக்கு அருகில் எங்கோ வேலை செய்வதாகச் சொல்வர். பணம் வருவது அரிது. காலையில் மற்றப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் தட்டேந்தி நிற்கும்போது அவள் குழாயடியில் நிற்பாள். பொருந்தாதவர் எல்லாரும் வசதியுள்ளவர் என்று மேக்ரோ சொல்லவில்லை. கிடைக்காத பெயரைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. எஞ்சிய 153 பேரும் வரம்புக்கு மேற்பட்டவர்கள் என்று கொண்டது பட்டியலைப் பார்த்தவர்களின் மனந்தான்.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. அவளுடைய தந்தையின் பெயர் சுப்பிரமணியம். பிறப்புச் சான்றிதழில் ஒருவகையாகவும், பாட்டி அக்கம்பக்கத்தாரைக் கொண்டு நிரப்பிய படிவத்தில் வேறுவகையாகவும் அஃது உரோமன் எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் தகும். தமிழில் ஒரே பகரம் வல்லொலிக்கும் மெல்லோசைக்கும் பொதுவாக நிற்கிறது. உரோமன் எழுத்திலோ அவ்விரண்டிற்கும் தனித்தனி எழுத்துண்டு. சுப்பிரமணியத்தின் பகரத்துக்கு எதனை இடுவது? ஒற்றையாக இடுவதா, இரட்டித்து இடுவதா? யகரத்தை எழுதுவதா, விடுவதா? இறுதியில் மகரமா, னகரமா? இந்த நான்கு ஐயங்களுக்கும் இவ்விரண்டு விடை எனக் கொண்டு பெருக்கினாலே ஒரு பெயருக்குப் 16 வடிவங்கள் கிடைக்கும். ககரமும் தகரமும் சகரமும் டகரமும் இதே தொல்லையைத் தருவன. ழகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தோட்டங்களில் பெயரைச் சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது. எழுதிய கிராணிக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் செக்ரோலில் இடமும் நேரமும் குறைவு. காதில் விழுந்தபடி எழுதினார். பிறப்பைப் பதிந்த எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். எனவேதான் ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் தங்கையரின் சான்றிதழ்களில் தந்தை பெயர் மூன்று விதமாக நிற்கும் குடும்பங்கள் இந்நாட்டில் பல. பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லி அழைத்தபோது அதனால் எவருக்கும் இடர் நேரவில்லை. அழைத்தவர் ஆளை அறிந்திருந்தார். அழைக்கப்பட்டவர் தம் பெயரின் ஓசையை அறிந்திருந்தார். ஓசையை அறியாத ஒன்று பெயர்களை ஒப்பிடத் தொடங்கிய பிறகே இந்தப் பழைய வேறுபாடு பசியாக மாறிற்று.

மகன், மகள் என்பதைக் குறிக்க மலேசிய ஆவணங்களில் இடும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்னும் குறுக்கங்களும் தம் பங்குக்கு இடர் விளைப்பன. ஒருவர் இடையில் சாய்கோடு இடுவார், ஒருவர் விடுவார், ஒருவர் கோட்டின் இருபுறமும் இடம் விடுவார். பெயரின் இறுதியில் அறியாமல் தட்டப்பட்ட ஒரு வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது. மேக்ரோவுக்கோ அதுவும் ஓர் எழுத்து. பேரெழுத்தும் சிற்றெழுத்தும்கூட, வேறு கட்டளை இடப்படாதவரை, அதற்கு வெவ்வேறானவையே. முன்பின் வெற்றிடங்களை வெட்டி, எல்லாவற்றையும் பேரெழுத்தாக்கி, குறுக்கங்களை ஒருபடித்தாக்கிய பின்னரே ஒப்பிட வேண்டும் என்பது மேக்ரோ கற்போர்க்குத் தொடக்கப்பாடமாக அமைய வேண்டியது.

அப்படியாயின் பெயர்களைத் தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். தமிழாசிரியர்க்கு அது தோன்றாவிட்டால்தான் வியப்பு. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பு முதலே இடம்பெற்றுள்ளது. விரிதாளின் கட்டங்களில் தமிழ் செம்மையாகவே நிற்கிறது. ஆனால் மேக்ரோவை எழுதும் பலகணி ஒருங்குறியை அறியாதது. அங்கே தமிழ்ச்சொல்லை இட்டால் வினாக்குறிகளின் வரிசைதான் மிஞ்சும். தேட வேண்டிய தமிழ்ச்சொல்லை ஒரு கட்டத்தில் எழுதி வைத்து, அக்கட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு மேக்ரோவுக்குச் சொல்வதே வழி. அதனாலும் முழுவதும் தப்ப முடியாது. பொன்னி என்னும் பெயரின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறியீடுகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒரே பொன்னிதான். உள்ளே இருவர். ஒருங்குறிக்கு முந்திய காலத்து எழுத்துருக்களில் பதிந்த பழைய ஆவணங்களாயின், அவை மாற்றப்படும்வரை புதியவற்றோடு பேசவே மாட்டா.

மீண்டும் அப்பள்ளிக்கு வருவோம். பெயரை நம்புவது பிழை என்று தெளிந்த அவ்வாசிரியை, அடையாள எண்ணைக் கொண்டு ஒப்பிடுவதென்று முடிவு செய்தார். மலேசியாவில் அது 12 இலக்கங்கள் கொண்டது. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாளைக் காட்டுவன. சரியான முடிவுதான். ஆனால் மேக்ரோவை ஓட்டியபோது ஒருவர்கூடப் பொருந்தவில்லை. 2016இல் தொடக்கப்பள்ளியில் இருந்த பிள்ளைகள் 2004 முதல் 2009 வரை பிறந்தவர்கள். அவர்கள் எல்லாருடைய எண்ணும் சுழியத்தில் தொடங்கும். பதிவேட்டில் அந்த எண் எழுத்தாகப் பதிந்திருந்ததால் சுழியம் நின்றது. படிவத் தாளிலோ எண்ணாகத் தட்டப்பட்டதால், எண்ணுக்கு முன்னிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்னும் கணித விதிப்படி விரிதாள் அதனை உதிர்த்துவிட்டது. (2010க்குப் பின் பிறந்தோர்க்கு இத்தொல்லை இல்லை. ஆனால் 12 இலக்கமும் முழுமையாக உள்ள எண்ணை விரிதாள் பொதுவடிவில் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டி வேறுவகையில் அச்சுறுத்தும்.) இரண்டையும் 12 இலக்க எழுத்தாக மாற்றியதும் காரியம் கைகூடியது. பட்டியலில் 64 பெயர்கள். பாட்டி வீட்டுப் பிள்ளை அவர்களுள் ஒருத்தி.

பெரும்பாலோர் இத்துடன் கணினியை மூடியிருப்பர். அவர் மூடவில்லை. எஞ்சிய 150 பேரின் வருமானத்தையும் பெயரையும் ஒருமுறை கண்ணோட்டமிட்டபோது, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு நேரே பெருந்தொகை ஒன்று நின்றது. உணவகத்தில் தட்டுக் கழுவும் தாயின் மகன் அவன். அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. எனவே அடையாள எண்ணும் இல்லை. பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்படாமையாலோ, தாய் தந்தையரிடமே ஆவணம் இல்லாமையாலோ இந்நிலையில் வளரும் பிள்ளைகள் இந்நாட்டின் இந்தியச் சமூகத்தில் இன்றும் உள்ளனர். அவனுடைய வெற்றுக் கட்டத்தை எடுத்துக்கொண்டு மேக்ரோ இரண்டாம் தாளில் தேடியது. அங்கே எண் எழுத மறந்த வேறொரு குடும்பத்தின் படிவம் இருந்தது. வெறுமையும் வெறுமையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. லாரி வைத்திருக்கும் அக்குடும்பத்தின் வருமானம் தட்டுக் கழுவுபவரின் மகனுக்கு எழுதப்பட்டது.

பெயர் பொருந்தாதபோது பிள்ளை விடுபடுகிறாள், அது கொடிது. எண்ணே இல்லாதவன் பொருந்திவிட்டதாகக் காட்டப்படுவது அதனினும் கொடிது. முன்னதைத் தேடிக் காணலாம். பின்னதற்கு விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றுவதால் தேடுவார் இல்லை. இத்தகைய பட்டியல்கள் யாருக்காகப் போடப்படுகின்றனவோ, அவர்களே ஆவணங்களில் மிகுந்த குறையுள்ளவர்கள் என்பதை எந்தப் பயிற்சிக் கையேடும் சொல்லித் தருவதில்லை.

அவர் மேக்ரோவை மாற்றி எழுதினார். ஒப்பிடும் எண் வெறுமையாயின் தேடாதே என்பது ஒரு கட்டளை. பொருந்தி வரம்புக்குள் இருப்போர் ஒரு தாளிலும், பொருந்தி வரம்புக்கு மேற்பட்டோர் ஒரு தாளிலும், பொருந்தாதோர் தனியாக ஒரு தாளிலும் செல்க என்பது மற்றொன்று. ஒவ்வொரு முறையும் மூன்று தாள்களையும் முதலில் துடைத்துவிட்டே எழுதத் தொடங்க வேண்டும் என்றும் சேர்த்தார். இல்லாவிடில் சென்ற முறையின் நீண்ட பட்டியலின் வால் இம்முறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இறுதியாக மூன்றின் தொகையையும் கூட்டி, பள்ளியின் மொத்தத் தொகைக்கு ஈடாகாவிட்டால் சிவப்பில் காட்டுமாறு செய்தார். 64, 146, 4. கூட்டினால் 214.

இன்று இவ்வளவு பாடு வேண்டியதில்லை என்று இளைய ஆசிரியர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள ஒரே சார்பு, பொருந்தும் வரிகளை வேறு தாளில் விரித்துக் காட்டுகிறது. மூலத்தை மாற்றினால் அதுவும் மாறுகிறது. மேக்ரோக்கள் வழியே தீய நிரல்கள் பரவியமையால், இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் அவற்றை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுத்தும் வருகிறது. கருவி மாறிவிட்டது. ஆனால் பகரம் ஒன்றா இரண்டா என்னும் ஐயத்தையும், வெற்றுக் கட்டத்தையும் அந்தப் புதிய சார்பும் அப்படியே பெற்றுக்கொள்கிறது.

நான்காம் தாள் என்று அப்பள்ளியில் பெயர்பெற்ற அந்தப் பொருந்தாதோர் தாள், அறிவிப்புப் பலகைக்குப் போகவில்லை. அச்சிட்டு ஓய்வு நேரத்தில் வகுப்பாசிரியர்களின் மேசைக்குக் கொண்டு செல்லப்பட்டது. நான்கு பெயர்களைப் படிக்க எவருக்கும் நேரமில்லாமல் போகாது. இருவர் படிவத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவர்களுள் ஒருவனின் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்பதை வகுப்பாசிரியர் சொன்னார். தந்தை லோரோங் ஓரத்தில் பழைய இரும்பு வாங்கி விற்பவர். அவர் பள்ளிக்கு வரவழைக்கப்பட்டு, படிவம் அங்கேயே நிரப்பப்பட்டது. மற்றவள் வசதியான வீட்டுப் பிள்ளை. அன்று மாலையே அவளுடைய தாய் தொலைபேசியில் விவரம் சொல்லிவிட்டார். மூன்றாவது பெயரில் இரண்டு இலக்கங்கள் இடம்மாறிக் கிடந்தன; திருத்தியபோது வருமானம் வரம்புக்கு மேலிருந்தது.

நான்காமவன் தட்டுக் கழுவுபவரின் மகன். அவனுக்கு நாடு தந்த எண் இல்லையென்றாலும் பள்ளி தந்த எண் ஒன்று இருந்தது. கையால் எழுதிய சேர்க்கைப் பதிவேட்டில், அவன் முதலாம் ஆண்டில் வந்த நாளன்று இட்ட வரிசை எண் அது. அவ்வெண்ணுக்கெனத் தாள்கள் எல்லாவற்றிலும் ஒரு நெடுவரிசையை அவ்வாசிரியை புதிதாகச் சேர்த்து, அதனையே ஒப்பிடும் எண்ணாக ஆக்கினார். 214 பேருக்கும் தட்டச்சு செய்ய இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன.

அடுத்த திங்கட்கிழமை சிற்றுண்டிச்சாலைக்குப் போன பட்டியலில் 66 பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயருக்கு நேரே அடையாள எண்ணுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது.